இருபத்தொன்னாவது சீரு

செங்கமலத்தோட கோல்ஃப் சுவிங்கு அவ புருசங்கிட்டயே தங்கிப்போச்சு. அத்துவிட்டப்ப கட்டில் வந்துச்சு, பீரோ வந்துச்சு, பித்தளை அண்டா வந்துச்சு. அது மட்டும் வரல.

சுவிங்குன்னா பெரிய ரகசியமெல்லாம் இல்ல. மட்டையத் தோளுக்கு மேல தூக்கி, ஒரு நொடி நிறுத்தி, இறக்கி, பந்தை ஒரு அறை அறைஞ்சு, மறு தோளுக்குக் கொண்டு போறது. கையும் காலும் எல்லாருக்கும் இருக்கு, சுவிங்கு எல்லாருக்கும் இருக்காது. நெடுங்கொம்பை மலையில, கிளப்புக்காரவுக பையத் தூக்கி நடக்குற கேடிகள்லயே, அது ஒழுங்கா இருந்தது இவ ஒருத்திக்குத்தான். அவ மட்டையத் தூக்குனா மைதானத்துல படுத்துருக்குற காட்டெருமை எந்திரிச்சு ஓரமாப் போயி நிக்கும். அவ்வளவு மரியாதை.

அது எப்படி புருசன் வீட்டுக்குப் போச்சுங்கறதுல குழப்பமே கெடையாது. சீருலதான் போச்சு. கல்யாணத்தன்னைக்குத் தாய்மாமன் மச்சக்காளை சீர்த்தட்டை எண்ணுனாரு. இருபது வந்துச்சு. சீரு ஒத்தப்படைலதான் போகணும். அன்னைக்குன்னு பாத்து ஊருல கடையடைப்பு. மாப்பிள்ளை வீட்டு வேன் வாசல்ல நின்னு ஆரன் அடிச்சுக்கிட்டே இருக்கு. மாமா தலையச் சொறிஞ்சாரு. பொண்ணுகிட்ட நல்லதா வேற என்ன இருக்குன்னு யோசிச்சாரு. லிஸ்டுல இருபத்தொன்னாவதா ‘சுவிங்கு ஒன்னு’ன்னு எழுதி, தட்டுல வச்சு, பூப்போட்ட துண்டைப் போத்தி அனுப்பிட்டாரு. அந்தத் தட்டைத் தூக்கிட்டுப் போன அத்தை பாதி வழியில, “யாராச்சும் கை மாத்துங்கடி, இதுதான் எல்லாத்துலயும் கனக்குது”ன்னா.

நாலு வருசம் ஒரு பிரச்சனையும் இல்ல. அதே வீட்டுல இருந்ததால வேணுங்கிறப்ப எடுத்துக்குவா, ஆடி முடிச்சு வந்து தட்டுல வச்சு மூடிருவா.

அப்புறம் அவ புருசன் தவமணி ஒத்து வரலன்னுட்டான். ஓட்டல்ல புரோட்டா போடுற ஆளு அவன். பெரியவுக கூடி, என்னப்பா கொறைன்னு கேட்டாக. “நான் பேசிக்கிட்டு இருக்கேன், இவ பந்து எங்க விழுந்துச்சுன்னு பாத்துக்கிட்டு இருக்கா. எந்நேரமும் எனக்குப் பின்னாடிதான் பாக்குறா”ன்னான். அவளைக் கேட்டாக. அப்பவும் அவ அவனுக்குப் பின்னாடிதான் பாத்தா. அத்துவிட்டுட்டாக.

சாமானை ஏத்த குட்டியானை வண்டி வந்துச்சு. மச்சக்காளை மாமா பக்கத்துல நின்னு ஒவ்வொன்னா எண்ணுனாரு. இருபத்தொன்னு. கையெழுத்துப் போட்டுட்டு முன்னாடி சீட்டுல ஏறிக்கிட்டாரு.

செங்கமலம் ரெண்டு நாள் அழுதா. மூணாம் நாள் எந்திரிச்சு மூஞ்சியக் கழுவிட்டு மட்டையத் தூக்குனா. மட்டை தோளு வரைக்கும் போச்சு. அங்கயே நின்னு, அடுத்து என்ன செய்யணும்னு அவளையே கேட்டுச்சு. அப்பத்தான் அவளுக்குத் தெரிஞ்சது.

திங்கக்கெழம கிளப்பு சாருமாருக்கு லீவு. அன்னைக்கு மைதானம் கேடிகளுக்கு. ஒன்பது குழியை ரெண்டு சுத்து ஆடலாம். மொத்தம் எத்தன அடியில முடிச்சோங்கறதுதான் கணக்கு, கொறையக் கொறைய நல்லது. அதுக்கு ஒரே ஒரு சட்டம். தொடர்ந்து மூணு திங்கக்கெழம நூறு அடியத் தாண்டுனா, மட்டைய ஆபீசுல ஒப்படைச்சுட்டு, ஆயுசுக்கும் அடுத்தவன் பையத்தான் தூக்கணும். செங்கமலம் எண்பதுலயே நின்னவ. அந்தச் சட்டம் ஒன்னு இருக்கறதே அவளுக்குப் பாதி மறந்து போயிருந்துச்சு.

முத திங்கள் நூத்தி முப்பத்தொன்னு. ரெண்டாவது திங்கள் நூத்தி இருபத்தேழு.

பந்து அடிச்ச எடத்துலருந்து அவளை விட்டுப் பிரிய மனசில்லாம பாதி தூரத்துலயே நின்னுரும். கூட ஆடுன அமலன் எட்டாம் நம்பர் கேடி. தோளும் பெருசு, வாயும் பெருசு.

“அக்கா, பந்தை அடிக்கிறீங்களா, இல்ல அதுகிட்ட வழி கேக்குறீங்களா?”

“உன் பந்து எங்கடா?”

“பள்ளத்துல.”

“என்னுதாச்சும் வழி கேக்குது. போயி உன்னுதைத் தேடு.”

வாய் மட்டும் அவகூடவே இருந்துச்சு. சீருல அது போகல.

ஆனா அவளை நெசமா உறுத்துனது அமலன் இல்ல. காட்டெருமைதான். ஒன்பதாம் குழிப் பாதையில நட்ட நடுவுல படுத்து அசை போட்டுக்கிட்டு இருந்துச்சு. அவ மட்டையத் தூக்குனதைப் பாத்துச்சு. எந்திரிக்கல. தலைய அந்தப் பக்கம் திருப்பிக்கிச்சு.

“விடு, நம்ம நேரம்”னா வெள்ளத்தாயி. நெடுங்கொம்பையில குழியச் சுத்திப் புல்லு கெடையாது. எண்ணெய் விட்ட மணலுதான், அதுக்குப் பேரு பிரவுனு. ஒவ்வொருத்தரு பந்தை உருட்டி முடிச்சதும் வெள்ளத்தாயி சாக்கைக் கட்டி இழுத்து அதைச் சமம் பண்ணி விடுவா. “அடுத்த திங்கள் மட்டையக் குடுத்துரு. எங்கூட வா. சாக்கு இழுக்க சுவிங்கு வேணாம்.”

“சாக்கு நீயே இழு. என் மட்டைய எவனும் வாங்க மாட்டான்.”

“சட்டம் இருக்குல்ல?”

“இருக்கட்டும். நானும்தான் இருக்கேன்.”

செவ்வாக்கெழம பஸ்ஸப் புடிச்சு அடிவாரத்துக்கு எறங்குனா. அத்துவிட்ட கையோட தவமணி பஸ் ஸ்டாண்டுல சொந்தமாக் கடை போட்டிருந்தான். கடை முன்னாடி ஒரே கூட்டம். தோசைக்கல்லுல வெந்துக்கிட்டிருந்த புரோட்டாவுக்கு முன்னால ஒருக்களிச்சு நின்னான். கரண்டியத் தோளுக்கு மேல தூக்குனான். ஒரு நொடி நிறுத்துனான். இடது குதிகால் லேசா எந்திரிச்சுச்சு.

செங்கமலம் கூட்டத்தை விலக்கிக்கிட்டு முன்னாடி வந்தா. அது அவளோட நொடி.

கரண்டி எறங்குச்சு. புரோட்டா டைம் கீப்பர் ரூமுக்கு மேல ஏறி, சுலபமா ஒரு வளைவு வளைஞ்சு, பொறப்படத் தயாரா நின்ன பஸ்ஸோட ஜன்னல்ல நொழைஞ்சு, டிரைவர் மடியில விரிச்சிருந்த எலையில போயி உக்காந்துச்சு. அவரு எலைக்குத் தண்ணி தெளிச்சு ரெடியா வச்சிருந்தாரு. சால்னா தூக்குவாளியில ஏற்கெனவே வாங்கியாச்சு.

“வா செங்கமலம். ஒக்காரு”ன்னான் தவமணி. “ரெண்டு போடவா?”

“என் சுவிங்கைக் குடு.”

அவன் கரண்டியால செவுத்தைக் காட்டுனான். சாமி படத்துக்குப் பக்கத்துல சீரு லிஸ்டை லேமினேசன் பண்ணி மாட்டியிருந்தான். அடியில மச்சக்காளை மாமா கையெழுத்து. ‘இருபத்தொன்னும் வந்து சேந்துச்சு’ன்னு எழுதியிருந்துச்சு.

“எண்ணித்தான் போட்டாரு உங்க மாமா.”

“அப்ப இப்ப அடிச்சியே, அது யாருது?”

“அது மிச்சம்.”

அடுத்த புரோட்டாவை அடிச்சான். அது டிக்கெட் கவுண்டருக்குள்ள போச்சு.

“நான் ஒன்னும் கல்நெஞ்சன் இல்ல. ஒன்னு செய்யி. இத்தன பேரு நிக்கிறாக. இவுகளுக்கு முன்னாடி, ‘நீ இல்லாம எனக்கு ஒன்னுமே ஓடல’ன்னு ஒரு வார்த்தை சொல்லு. தட்டோட குடுத்துர்றேன், துண்டைக் கூடத் தொவச்சு வச்சிருக்கேன்.”

கூட்டம் திரும்பிப் பாத்துச்சு. டிரைவரு இஞ்சினை அணைச்சாரு. தட்டு அந்தா, கல்லாவுக்குக் கீழதான் இருந்துச்சு. ஒரே ஒரு வார்த்தை. அடுத்த திங்கள் மட்டையும் மிஞ்சும், காட்டெருமையும் எந்திரிக்கும்.

செங்கமலம் கையக் கழுவிட்டு வந்து பெஞ்சுல உக்காந்தா. “ரெண்டு போடு”ன்னா. போட்டான். பொறுமையாப் பிச்சுப் பிச்சுத் தின்னா. எலைய மடிச்சா.

“சால்னாவுல உப்பு பத்தல”ன்னா. “அப்புறம், அடிக்கிறப்ப குதிகாலைத் தூக்காத. எனக்குத்தான் அது நல்லா இருக்கும். உனக்கு நொண்டுற மாதிரி இருக்கு.”

பஸ் ஏறிட்டா. பதினோராவது கொண்டை ஊசி வளைவு வரைக்கும் ஜன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டு அழுதா. பன்னெண்டாவது வளைவுல அழுகைய நிறுத்திட்டு எண்ண ஆரம்பிச்சா. கட்டில் ஒன்னு, பீரோ ரெண்டு, அண்டா மூணு. வீட்டுல இருக்கற ஒவ்வொன்னையும் மனசுக்குள்ளயே தொட்டுத் தொட்டு எண்ணுனா. இருபதுல நின்னுச்சு. நேரா மாமா வீட்டுல போயி எறங்குனா.

“மாமா, சாமான் எறக்குனப்ப கிரைண்டரை எத்தனைன்னு எண்ணுனீக?”

“ரெண்டு. கல்லு ஒன்னு, குழவி ஒன்னு. தனித்தனியாத்தான தூக்கிட்டு வந்தாக?” மாமாவுக்கு மூஞ்சி சுருங்கிருச்சு. “ஏத்தா, தப்பாப் போச்சா?”

செங்கமலம் வெரலை மடக்கி மறுபடி ஒரு தடவை எண்ணிப் பாத்தா.

“இல்ல மாமா. சரியாத்தான் எண்ணிருக்கீக. இருபத்தொன்னு. அந்தக் கையெழுத்தை எவன் கேட்டாலும் மாத்திராதீக.”

வீட்டுக்குப் போனா. கிரைண்டருல அரிசியப் போட்டு, சுவிட்சைத் தட்டி, குழவி மேல வலது கைய வச்சு உக்காந்தா. லிஸ்டுல சுவிங்கோட எடத்துல நிக்கிறது குழவிதான்னா, சுவிங்கு செய்ய வேண்டிய வேலையக் குழவிதான் செய்யணும். இதுல ரெண்டாவது பேச்சுக்கு எடமில்ல. புதன்கெழம அந்தச் சுத்து மணிக்கட்டுக்கு ஏறுச்சு. வியாழன் முழங்கை. வெள்ளிக்கெழம பொழுது சாயுறப்ப தோளு. சனிக்கெழம இடுப்புக்கு எறங்கி உக்காந்துருச்சு. ஞாயித்துக்கெழம கிரைண்டரு நின்னுபோச்சு. கரண்டு இருக்கு, மோட்டார் உறுமுது, சுத்து மட்டும் அதுகிட்ட இல்ல. மாவு பாதியில கெடந்துச்சு.

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பாத்தா. “என்னக்கா, உங்க தோள்ல கடகடன்னு சத்தம் வருது?”

“மாவு ஆட்டுறேன்.”

“மொளகாப் போட்டு ஆட்டாதீக, எரியும்”னுட்டு அவ உள்ள போயிட்டா.

மூணாவது திங்கள். முத குழி மேட்டுல செங்கமலம் மட்டையத் தூக்குனதுமே அமலன் கையத் தூக்கிட்டான்.

“மாஸ்டர், இது செல்லாது. இது சுவிங்கே இல்ல, கிரைண்டரு. சத்தத்தைக் கேளுங்க.”

கேடி மாஸ்டர் இன்னாசி காதுல சொருகியிருந்த பென்சிலை எடுத்தாரு. சிரிக்கவும் மாட்டாரு, கோவிக்கவும் மாட்டாரு. சட்டம்னா சட்டம். செங்கமலம் ரவிக்கைக்குள்ளருந்து, மாமாகிட்ட வாங்கி வச்சிருந்த லிஸ்டோட இன்னொரு பிரதிய எடுத்து நீட்டுனா. இன்னாசி மேலருந்து கீழ வரைக்கும் படிச்சாரு. அண்டாகிட்ட கொஞ்சம் நின்னாரு, அவரு வீட்டு அண்டா ஓட்டை.

“இருபத்தொன்னாவது சுவிங்கு. இருபத்தொன்னும் வந்துருச்சுன்னு கையெழுத்து இருக்கு. அப்ப இவகிட்ட இருக்கறது சுவிங்குதான்”னாரு. “ஆடு.”

“சத்தம் போடுது மாஸ்டர்!”

“நீயும்தான் போடுற. உன்னை ஆட விடலையா?”

செங்கமலம் அடிச்சா. அழகெல்லாம் இல்ல. தோளுல நிக்கிற நொடி இல்ல, எந்திரிக்கிற குதிகால் இல்ல. கடகடன்னு ஒரு சுத்து. பந்து நூத்திப் பத்து கெஜம் போச்சு. நேரா. மறுபடி அடிச்சா. நூத்திப் பத்து. பள்ளத்துலருந்து அடிச்சாலும் நூத்திப் பத்து, மேட்டுலருந்து அடிச்சாலும் நூத்திப் பத்து, காத்து மூஞ்சியில அறைஞ்சாலும் நூத்திப் பத்து. அமலன் எரநூத்தம்பது கெஜம் அடிப்பான், அப்புறம் புதருக்குள்ள தலைய விட்டுக்கிட்டு கால் மணி நேரம் தேடுவான். அவன் வெளிய வர்றதுக்குள்ள செங்கமலம் மூணு கடகடவுல போயி, கொடி கிட்ட நின்னு, சீலை முந்தானையால வேர்வையத் தொடச்சுக்கிட்டு இருப்பா.

“என்னக்கா, பழைய மாதிரி பறக்கலையே?”ன்னான் ஒரு தடவை, தலையெல்லாம் முள்ளோட.

“பறந்தது போதும்டா. இப்ப போயிச் சேருறேன்.”

பதினேழு குழி முடிஞ்சப்ப தொண்ணூத்தஞ்சு. கடைசிக் குழி முந்நூத்து முப்பது கெஜம். இன்னாசி பென்சிலால கணக்குப் போட வேண்டிய அவசியமே இல்ல, எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. மூணு அடி, பிரவுனுல ரெண்டு உருட்டு. அஞ்சு. நூறு. ஒன்னு கூடுனாலும் மட்டை ஆபீசுக்குப் போயிரும்.

மொத அடி நூத்திப் பத்து. ரெண்டாவது நூத்திப் பத்து. பந்து நின்ன எடத்துலருந்து நேரா முன்னாடி, முப்பது கெஜத்துல, காட்டெருமை படுத்துருந்துச்சு. குறுக்க. சின்ன வீடு மாதிரி.

“மாட்டுல பட்டா பட்ட எடத்துலருந்து ஆடணும்”னாரு இன்னாசி.

“சுத்திப் போட்டு அடிங்கக்கா”ன்னான் அமலன். இந்த தடவை கேலி இல்ல. “ஒரு அடி கூடுனாக் கூட பரவால்ல, மாஸ்டருகிட்ட நான் பேசுறேன்.”

“நீ ஒன்னும் பேச வேணாம். அது எந்திரிக்கும்.”

“அதுக்கு உங்க பழைய சுவிங்கைத்தான தெரியும்?”

“புதுசையும் தெரிஞ்சுக்கட்டும்.”

செங்கமலம் காட்டெருமையப் பாத்தா. அதுவும் பாத்துச்சு. அவ யாரையும் கெஞ்சல, அதட்டவும் இல்ல. மட்டையத் தூக்குனா. கடகடன்னு சத்தம் ஆரம்பிச்சுச்சு. காட்டெருமை அசை போடுறதை நிறுத்துச்சு. பந்து கெளம்பி, தாழ்வா, அதோட விலாவப் பாத்து நேரா வந்துச்சு. காட்டெருமை பின்னங்காலை ஊனுச்சு, முன்னங்காலை ஊனுச்சு, எந்திரிச்சு நாலு எட்டு தள்ளி நின்னுச்சு. பந்து அது படுத்துருந்த சூட்டு மேல போயிருச்சு. காட்டெருமை மறுபடியும் அதே எடத்துல வந்து படுத்துக்கிச்சு.

பிரவுனுல பந்து. வெள்ளத்தாயி சாக்கை இழுத்து, ஒரு தடவைக்கு ரெண்டு தடவையா மணலைச் சமம் பண்ணி விட்டா. மொத உருட்டு ஒரு சாண் கொறையா நின்னுச்சு. ரெண்டாவது உருட்டு குழி விளிம்புக்குப் போச்சு, விழல. விளிம்புலயே சுத்த ஆரம்பிச்சுச்சு. குழவி சுத்துற அதே பக்கமா, அதே வேகத்துல. வெள்ளத்தாயி சாக்கைக் கீழ போட்டுட்டா. அமலன் குத்தவச்சு உக்காந்துட்டான். இன்னாசி சட்டப் புத்தகத்துல விளிம்புல சுத்துற பந்துக்கு எவ்வளவு நேரம்னு தேடுனாரு. ஏழு சுத்து சுத்தி, மாவு பதம் வந்தாப்ல, உள்ள எறங்குச்சு.

“நூறு”ன்னு எழுதுனாரு இன்னாசி. “தாண்டல.”

மட்டைய அவளே தோள்ல போட்டுக்கிட்டு வீட்டுக்கு நடந்தா.

புதன்கெழம காலையில தவமணி வந்தான். பூப்போட்ட துண்டு போத்துன தட்டு கையில. மொத பஸ்ஸுல வந்துருக்கான்.

“இந்தா, வாங்கிக்க. நீ நூறு போட்டது அடிவாரத்துக்குத் தெரிஞ்சதுலருந்து இது எம் பேச்சைக் கேக்கல. நேத்து ஒரு புரோட்டாவை போலீஸ் ஸ்டேசனுக்குள்ள அடிச்சுருச்சு. எழுதி வாங்கிட்டுத்தான் விட்டாக.”

“எனக்கு எதுக்கு? எனக்கு இருபத்தொன்னும் வந்துருச்சு.”

“செங்கமலம்...”

“இதை வாங்குனா இருபத்திரண்டாயிரும். ரெட்டைப்படை. வீட்டுக்கு ஆகாது.”

அவன் வாசல்லயே நின்னான். தட்டு கனத்துச்சு, கை மாத்திக்கிட்டான். “நீ வாங்கலைன்னா நான் என்னதான் செய்யிறது? வேணும்னா சொல்லு, எல்லாருக்கும் முன்னாடி நானே கெஞ்சுறேன். உங்க தெருவைக் கூப்புடு.”

“வேணாம். எந்திரிச்சு வந்ததே போதும்.” அவ உள்ள திரும்பி, மூலையில சுத்தாம நிக்கிற கிரைண்டரைப் பாத்தா. ராத்திரி ஊறவச்ச அரிசி பக்கத்துல ஆட்டாம அப்படியே கெடந்துச்சு. “சீரா வாங்க மாட்டேன். வேலைக்குன்னா வச்சுக்கறேன். காலையில ஒரு நேரம் மாவாட்டணும். ஞாயித்துக்கெழம லீவு.”

தவமணி துண்டுக்குக் கீழ குனிஞ்சு கேட்டான். “சரிங்குது”ன்னான்.

தட்டை எறக்கி வச்சுட்டு, துண்டை மட்டும் ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு, ஒம்பதரை பஸ்ஸுக்கு நடந்தான். செங்கமலம் அவன் போறதைப் பாத்தா. இந்த தடவை அவனையேதான் பாத்தா, அவனுக்குப் பின்னாடி இல்ல.

அடுத்த திங்களும் நூறு. அதுக்கடுத்த திங்களும் நூறு. இன்னாசி இப்பல்லாம் அவ பேருக்கு நேரா முந்தின நாளே எழுதி வச்சுர்றாரு. காட்டெருமையும் எந்திரிச்சு நாலு எட்டு தள்ளி நின்னு, பந்து போனதும் படுத்துக்குது.

மாவு நல்லாத்தான் வருது, வெள்ளையா, புசுபுசுன்னு. ஆனா வேலைக்கு வந்தது அந்தச் சுவிங்கு இல்லையா. காலையில ஏழரைக்கு செங்கமலம் இட்லிக் கொப்பரையத் தெறந்தா, இட்லி தட்டுல நிக்கிறதில்ல. தட்டுலயே ஒரு நொடி நிக்கும், லேசா ஒரு பக்கம் எந்திரிக்கும், அப்புறம் போயிரும். எரநூத்து நாப்பது கெஜம், ஓடைக்கு மேல, ஒரே கோடா. அக்கரை எஸ்டேட்டுல ஏழே காலுக்கே எல்லாரும் தட்டைக் கழுவிக்கிட்டு வந்து வரிசையா நின்னுர்றாக.

சட்னி மட்டும் அவுகவுக வீட்டுலருந்து.